திறப்பு விழாவுக்கு மறுநாள்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

உடற்கல்வி ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். கட்சி பார்த்து எழுதவில்லை. 234 பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். விளையாட்டு மைதானம் என்றால் டெல்லிக்கு மனுப் போடுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பார்த்தால், மாநிலப் பட்டியலின் 33-ஆவது பதிவில் நாடகம், சினிமாவோடு சேர்த்து விளையாட்டும் பொழுதுபோக்கும் இருக்கின்றன. அவை உங்கள் பொறுப்பு. மத்திய அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்குச் சுமார் 3,794 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் கேலோ இந்தியா திட்டத்துக்கு 1,000 கோடி. நாடு முழுமைக்கும் அவ்வளவுதான். மாவட்டத் தலைநகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பேரூராட்சியில் ஒரு பிள்ளை எங்கே ஓடும் என்பதை டெல்லி முடிவு செய்யப் போவதில்லை. நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

செய்திருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1992-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டே பெரியமேட்டில் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னைக்கு வந்தபோது வேளச்சேரியில் நீச்சல் குளம், நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் அரங்கம் எனப் பல கிடைத்தன. அன்றைக்குக் கட்டியவை இன்றும் பயன்படுகின்றன. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டைச் சில மாத அவகாசத்தில் நடத்திக் காட்டினோம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளைச் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு ஊர்களில் நடத்தி, பதக்கப் பட்டியலில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தைப் பிடித்தோம். 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதற்காக மதுரையில் பன்னாட்டுத் தரத்தில் புதிய ஹாக்கி அரங்கம் வந்தது. 24 நாடுகளின் அணிகள் ஆடிய போட்டி அது. இவையெல்லாம் பெருமைப்பட வேண்டியவை. நானும் பெருமைப்படுகிறேன்.

நான் எழுத வந்தது இவற்றுக்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி. ரிப்பன் வெட்டியாயிற்று, பந்தல் பிரித்தாயிற்று, நாற்காலிகள் லாரி ஏறிவிட்டன. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அந்த மைதானத்தின் கேட்டை யார் திறப்பார்? சாவி யாரிடம் இருக்கும்? அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும்? அரசு விளையாட்டுக்குச் செய்யும் முதலீடு நிலைப்பதும் வீணாவதும் இந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான் இருக்கிறது. பணி செய்த காலமெல்லாம் இதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் தொகுதிகளோடு நேரடியாகத் தொடர்புள்ள திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒன்றுக்கு 3 கோடி ரூபாய் என்று 2022-இல் பேரவையில் அறிவிக்கப்பட்டது. நல்ல அறிவிப்பு. பணம் இருக்கும் இடத்தில் மட்டும் மைதானம் என்ற நிலையை மாற்றக்கூடியது. ஆனால் 3 கோடியில் என்ன வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேலோ இந்தியா திட்டத்தில் 400 மீட்டர் சிந்தெடிக் டிராக் ஒன்றுக்கு மட்டுமே சுமார் 7 கோடி, ஹாக்கி டர்ஃபுக்குச் சுமார் ஐந்தரைக் கோடி என்று வைத்திருந்தார்கள். ஆகவே நம் சிறு விளையாட்டரங்கம் பெரும்பாலும் மண் மைதானமாகத்தான் இருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டம் வரை போனார். பள்ளிப் பிள்ளைகளுக்கு, அதிலும் பத்து பன்னிரண்டு வயதுக் கால்களுக்கு, ஒழுங்காகப் பராமரித்த செம்மண் தரையே போதும்.

ஒழுங்காகப் பராமரித்த என்றேன். அதுதான் கடினம். மண் டிராக் என்றால் சும்மா விட்டுவிடும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். சிந்தெடிக்கைவிட மண்ணுக்குத்தான் அன்றாடம் ஆள் வேண்டும். ஐப்பசி மழையில் உள்வட்டத்தில் தண்ணீர் தேங்கும். வடிகால் சரிவு சரியாக இல்லையென்றால் முதல் இரண்டு லேன்களும் சேறாகிவிடும். மழை விட்டதும் கோரை முளைக்கும். தை மாதம் போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் நெருஞ்சி படர்ந்திருக்கும். செருப்பில்லாமல் ஓடுகிற பிள்ளைக்கு நெருஞ்சி முள் என்னவென்று தெரியும். கோடையில் மண் உதிர்ந்து புழுதியாகும்; மாலை மாலை தண்ணீர் தெளித்து ரோலர் இழுக்காவிட்டால் தரை பொரிந்துவிடும். போட்டிக்கு முந்தைய நாள் கயிறு பிடித்துச் சுண்ணாம்பில் லைன் போட வேண்டும். வளைவில் ஒவ்வொரு லேனுக்கும் எவ்வளவு முன்தள்ளித் தொடக்கக் கோடு வரும் என்று தெரிந்த ஆள் வேண்டும். இந்த வேலையெல்லாம் தெரிந்த மைதானக் காவலாளி ஒருவர் இருந்தால் அந்த ஊரிலிருந்து ஓட்டக்காரர்கள் வருவார்கள். அவர் ஓய்வு பெற்று, அந்தப் பணியிடம் நிரப்பப்படாமல் போனால் இரண்டே மழையில் மைதானம் காடாகும். நான் பணி செய்த ஒரு மாவட்டத்தில் அப்படி ஆனதைக் கண்டேன். புதிதாகக் கட்டிய கேலரியின் படிகளுக்கு இடையே வேப்பங்கன்று தலைநீட்டியது. ஓடுகளம் எங்கே முடிகிறது, முள்காடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆனால் கல்வெட்டு மட்டும் பளபளப்பாக இருந்தது.

சிந்தெடிக் போட்டுவிட்டால் தொல்லை இல்லை என்பதும் சரியல்ல. அதன் ஆயுள் சுமார் எட்டு முதல் பத்து ஆண்டுகள். அதற்குப் பிறகு மேற்பரப்பைப் புதுப்பித்தாக வேண்டும். ஹாக்கி டர்ஃப் என்றால் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் நனைக்கத் தண்ணீர் வேண்டும், தெளிப்பான் வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். போடுகிற அன்றே அடுத்த புதுப்பித்தலுக்கான பணத்தை ஒதுக்கத் தொடங்காவிட்டால், பத்தாவது ஆண்டில் கிழிந்த டர்ஃபில் பிள்ளைகள் முழங்காலை உரசிக்கொள்வார்கள்.

பராமரிப்பு என்பது அழகுக்காக அல்ல. 2025 நவம்பரில் ஹரியாணாவின் ரோத்தக் அருகே லாகன் மாஜ்ரா என்ற ஊரில் 16 வயதுக் கூடைப்பந்து வீரர் ஒருவர் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வளையத்தைப் பிடித்தபோது இரும்புக் கம்பம் அப்படியே அவர் மார்பின்மீது விழுந்தது. அதே நாட்களில் பகதூர்கரிலும் ஒரு சிறுவன் அதேபோலக் கம்பம் விழுந்து உயிரிழந்தான். இந்தியாவுக்கே பதக்கம் வாங்கித் தரும் மாநிலம் ஹரியாணா. அங்கேயே இந்த நிலை. உங்கள் தொகுதியில் இருக்கும் கூடைப்பந்துக் கம்பங்களின் அடித்தளத்தைக் கடைசியாக யார் சோதித்தார்கள் என்று, இந்த மடலைப் படித்து முடித்ததும் ஒரு முறை விசாரியுங்கள்.

பணம் எங்கே போய்ச் சேர்ந்தால் பலன் கொடுக்கிறது என்பதற்கு நம் கண்முன்னே ஓர் ஊர் இருக்கிறது. கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊரில் ஹாக்கி அரசு கொண்டுவந்து நட்டது அல்ல. மண் தரையில், தெருவில், பள்ளிக்கூட மைதானத்தில் தலைமுறைகளாக ஆடி வந்தார்கள். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாடு முழுவதிலுமிருந்து அணிகள் அங்கே வரும். கல்யாண வீட்டில்கூட ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற ஊர் அது. ஆனால் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. எட்டு முறை தங்கம் வாங்கிய நாடு என்று நாம் இன்று சொல்லிக்கொள்கிற இந்தியா அந்த ஆண்டு ஏழாம் இடத்துக்குப் போனது. மண்ணில் கற்ற ஆட்டம் வேறு, டர்ஃபில் ஆடும் ஆட்டம் வேறு. பந்து வரும் வேகம் வேறு, மட்டையைப் பிடிக்கும் உயரமே வேறு. கோவில்பட்டிப் பிள்ளைகள் எவ்வளவு திறமையாக ஆடினாலும், டர்ஃப் உள்ள ஊர்க்காரர்களோடு மாநிலத் தேர்வில் நின்றபோது கால் தடுமாறியது அவர்கள் குற்றமல்ல.

பிறகு அரசு அங்கே ஹாக்கிக்கென்றே விளையாட்டு விடுதியை நடத்தியது. செயற்கைத் தரை வந்தது. பயிற்சியாளர் வந்தார். விடுதியில் நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தது. 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அந்த விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் இந்திய அணிக்காகக் களமிறங்கினார்கள். 2023 ஆகஸ்ட்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியில் கார்த்தி இருந்தார். ஆட்டம் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஊரைக் கண்டுபிடித்து, அங்கே என்ன குறைகிறதோ அதைக் கொடுத்ததன் பலன் இது. ஒடிசா அரசு ஹாக்கிக்குச் செய்ததும் இதையேதான். புவனேஸ்வரத்தில் அரங்கம் கட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆதிவாசிப் பிள்ளைகள் மூங்கில் மட்டையால் ஆடிவந்த சுந்தர்கர் மாவட்டத்தின் 17 ஒன்றியங்களுக்கும் செயற்கைத் தரை கொண்டுபோகத் திட்டமிட்டுச் செய்தார்கள்.

நம் மாநிலத்தில் எந்த ஊரில் எந்த ஆட்டம் ஓடுகிறது என்று ஊர்க்காரர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். திருவாரூர் மாவட்டம் வடுவூர் என்றால் கபடி. வியாசர்பாடி என்றால் கால்பந்து. தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் பொங்கலுக்கு வாலிபால் டோர்னமென்ட் நடக்காத ஆண்டே கிடையாது. பரிசாக அண்டாவும் ஆடும் கொடுத்து இரவெல்லாம் ஆடுவார்கள். அப்படியிருக்க, எல்லாத் தொகுதிக்கும் ஒரே வரைபடத்தை அச்சடித்து அனுப்பி, அதில் ஒரு மூலையில் கபடி, ஒரு மூலையில் பேட்மிண்டன் என்று பிரித்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வரைபடம் போடுவதற்கு முன் அந்த வட்டாரத்து உடற்கல்வி ஆசிரியர்களையும் உள்ளூர் மன்றத்துப் பையன்களையும் ஒரு மாலை உட்காரவைத்துக் கேளுங்கள். எதைக் கட்டக்கூடாது என்பதை அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். அதிலேயே பாதிப் பணம் மிச்சமாகும்.

சென்னையின் தெற்குக் கோடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் கூவம் ஓரத்திலும் அடையாற்றின் ஓரத்திலும் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குடியமர்த்தினோம். மெரினா மணலிலும் நகரத்துப் பள்ளி மைதானங்களிலும் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அடுக்குமாடிகளின் இடைவெளிக்குள் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கண்ணகி நகரிலிருந்துதான் கார்த்திகா என்ற பெண் கபடி ஆடப் போனார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவியாகத் திரும்பினார். கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை தரத் தயங்கிய ஊரில், அந்தப் பெயரை மார்தட்டிச் சொல்லவைத்தவர் அவர். அவரோடு ஆடும் பெண்களும் அவருடைய பயிற்சியாளரும் பெரிய அரங்கம் எதற்காகவும் காத்திருக்கவில்லை. கிடைத்த இடத்தில் ஆடினார்கள்.

இப்போது செம்மஞ்சேரியில் உலகத் தரத்தில் ஒரு விளையாட்டு நகரம் அமைக்கத் திட்டமிடப்பட்டிருக்கிறது. வரட்டும். ஆனால் அந்தச் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் அடுக்குமாடிகளில் வாழும் பிள்ளைகள் கேட்டைத் தாண்டி உள்ளே போக முடியுமா? கட்டணம் இருக்குமா? அடையாள அட்டை கேட்பார்களா? செருப்பில்லாத காலைப் பார்த்து வாட்ச்மேன் விரட்டுவாரா? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். திறப்பதற்கு முன்பே, பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை கட்டணமில்லை என்று அரசாணையில் எழுதுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

நடக்காது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன்னுடைய செயற்கைத் தரைக் கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியாரிடம் பராமரிக்க ஒப்படைக்கத் தீர்மானம் போட்டது. ஆடுகிறவரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று அதில் இருந்தது. வியாசர்பாடிப் பையன் ஒருவன் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆடினால் மாதம் 3,600 ரூபாய். எந்த வீட்டில் கொடுப்பார்கள்? எதிர்ப்பு கிளம்பியது, கட்சி வேறுபாடின்றிக் குரல் எழுந்தது, ஓரிரு நாட்களிலேயே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தத் தீர்மானம் ஏன் வந்தது என்று யோசித்தால், பராமரிக்கத் தனியாகப் பணம் இல்லாததுதான் காரணமாகத் தெரிகிறது. கட்டுவதற்கு ஒதுக்கி, காப்பதற்கு ஒதுக்காமல் விட்டால் கடைசியில் அந்தச் சுமை ஆடுகிற பிள்ளையின் தலையில்தான் வந்து விழும். வீட்டை வாங்கிவிட்டு அடுப்பெரிக்கக் காசில்லாமல் நிற்பதைப் போன்றது இது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மே மாதம் டெல்லியில், 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டிய தியாகராஜ் அரங்கத்தில் ஓர் உயர் அதிகாரி நாயோடு நடப்பதற்காக வீரர்களை மாலை ஏழு மணிக்கே வெளியேற்றுகிறார்கள் என்று செய்தி வந்து நாடே பேசியது. அந்த அதிகாரியை மாற்றினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது. டெல்லி அரசின் விளையாட்டரங்கங்கள் எல்லாம் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்று உத்தரவு போட்டார்கள். நம் ஊர் வெயிலில் காலை எட்டுக்கு மேல் மாலை ஐந்து வரை எந்தப் பிள்ளையையும் ஓடவிட முடியாது. செயற்கைத் தரை என்றால் நண்பகலில் கால் வைக்க முடியாத அளவு சுடும். பள்ளி விட்டு வீடு போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்தால் ஐந்து மணி. மார்கழியில் ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும். ஆக ஒரு மணி நேரம்தான் மிச்சம். அலுவலக நேரப்படி திறந்து மூடுகிற மைதானம் யாருக்கும் பயன்படாது. ஆறு விளக்குக் கம்பங்கள் போட்டு இரவு ஒன்பது வரை எரியவிட்டால் அந்த ஒரு மணி நேரம் நான்கு மணி நேரமாகும். கேலரிக்கு மேல் கூரை போடும் பணத்தை விளக்குக்குப் போடுங்கள் என்று எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். எட்டாம் வகுப்பு வரை கிரவுண்டில் முதல் ஆளாக நிற்கும் பெண், ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போவாள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் அப்பா நேரடியாகக் காரணம் சொல்ல மாட்டார். அம்மா தயங்கித் தயங்கிச் சொல்லுவார்: அங்கே பாத்ரூம் இல்லை சார், இருட்டில் வரும்போது பயமாக இருக்கிறது சார். அவ்வளவுதான் காரணம். தண்ணீர் வரும் கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள உடை மாற்றும் அறை, வாசலில் விளக்கு, பேருந்து நிறுத்தம் வரை வெளிச்சமான பாதை, முடிந்தால் ஒரு பெண் பயிற்சியாளர். இவை இருந்தால் அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆடுவாள். பத்து மைதானங்களில் எட்டில் இதுதான் கடைசியாகக் கட்டப்படுகிறது. முதலில் பூட்டப்படுவதும் இதுதான் என்பது என் அனுபவம். வசதி சொந்த ஊரில் இல்லாததால் வெளியே போக வேண்டியிருந்தவர்கள் எத்தனையோ பேர். ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியர் பவானி தேவி சென்னைப் பெண். பள்ளியில் மூங்கில் குச்சியை வைத்துக் கற்றவர், மேற்பயிற்சிக்குக் கேரளத்தின் தலச்சேரிக்குப் போனார். அவருக்குப் போக வழி இருந்தது. வழி இல்லாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

பள்ளிகளுக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருந்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இருந்த மைதானத்திலேயே கூடுதல் வகுப்பறை கட்டி முடித்த பள்ளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்காகப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை நியமித்தார்கள். 5,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் தொடங்கியவர்கள். பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் தெருவில் நின்றவர்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறவரால் ஓர் அணியைக் கட்ட முடியாது. குறுவட்டப் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் காலையும் மாலையும் பக்கத்தில் நிற்க வேண்டும்; பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போக வேண்டும்; தோற்று அழும்போது கூட இருக்க வேண்டும். அவர்கள் தம் கைக்காசில் பந்து வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். 3 கோடியில் அரங்கம் கட்டி, அதற்குள் அழைத்துவர ஆசிரியர் இல்லையென்றால் யாருக்காகக் கட்டினோம்?

பெரியவர்களையும் மறந்துவிடக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று தெரிந்தது. வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்க நடப்போம் நலம் பெறுவோம் திட்டமும் 2023-இல் வந்தது. நல்லவை. ஆனால் மருத்துவர் நடக்கச் சொன்ன அறுபது வயது அம்மா, லாரி ஓடும் புறவழிச் சாலையின் ஓரத்தில்தான் விடியற்காலை நடக்கிறார். புதிய பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு வர வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் தொகுதியில் அப்படி வந்த நிலங்கள் எவை, அவற்றில் இன்று என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். புதிதாக நிலம் எடுக்காமலே பல ஊர்களில் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இடம் கிடைக்கும்.

கூட்டங்களைப் பற்றியும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் பொதுக்கூட்டம் என்றால் மைதானம், பொருட்காட்சி என்றால் மைதானம், தீபாவளிப் பட்டாசுக் கடை என்றால் மைதானம், ஹெலிகாப்டர் இறங்க வேண்டுமென்றாலும் மைதானம். பந்தல்காலுக்குத் தோண்டிய குழியை யாரும் மூடுவதில்லை. அந்தக் குழியில் கால் பிசகி ஒரு பருவமே ஆட முடியாமல் போன பிள்ளைகள் உண்டு. உங்கள் தொகுதி அரங்கத்தில் விளையாட்டு தவிர வேறெதற்கும் அனுமதியில்லை என்று நீங்களே முன்வந்து அறிவித்தால் அதிகாரிகளுக்கு மறுக்கும் துணிச்சல் வரும்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். கட்டிய செலவில் ஆண்டுக்கு 5 விழுக்காட்டைப் பராமரிப்புக்கும் ஆட்களுக்கும் என்று தனிக் கணக்குத் தலைப்பில் ஒதுக்குங்கள். 3 கோடிக்கு 15 லட்சம். 234 தொகுதிக்கும் சேர்த்தால் ஆண்டுக்கு 35 கோடிச் சொச்சம். செஸ் ஒலிம்பியாடுக்கு மாநில அரசு ஒதுக்கியது சுமார் 92 கோடி. அந்தப் பணம் நன்றாகவே செலவானது. அதே தொகை இருந்தால் இந்த அரங்கங்கள் அனைத்தையும் இரண்டரை ஆண்டுகள் காக்கலாம் என்று அளவு காட்டவே அதைக் குறிப்பிடுகிறேன். கேலோ இந்தியா சிறு மையங்களில் பயிற்சி தரும் முன்னாள் வீரருக்கு மாதம் 25,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3 லட்சம் தருகிறார்கள். அதே அளவில் இரண்டு பயிற்சியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். ஒரு மைதானக் காவலாளி. மின்கட்டணம், தண்ணீர், பந்து, வலை, சுண்ணாம்பு. எல்லாம் 15 லட்சத்துக்குள் அடங்கும். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. இந்தக் காவலாளி, பயிற்சியாளர் பணிகளையும் மாநில அளவில் ஆடிவிட்டு இன்று வேறு ஊர்களில் கூலி வேலை பார்க்கும் பழைய வீரர்களுக்குக் கொடுக்கலாம். உங்கள் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்க விதி இடம் தராவிட்டால், விதியைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களும் நீங்கள்தான்.

இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறையின் மானியக் கோரிக்கை பேரவைக்கு வரும் நாளில் உங்களில் பலர் புதிய அரங்கம் கேட்டுப் பேசுவீர்கள். கேளுங்கள். அதோடு, ஏற்கெனவே கட்டி முடித்தவற்றில் எத்தனைக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், எத்தனையில் இரவு விளக்கு எரிகிறது, எத்தனையில் பெண்களுக்கான கழிப்பறை திறந்திருக்கிறது என்று தொகுதிவாரியாக ஒரு பட்டியலைப் பேரவையில் வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் வைக்கச் சொல்லுங்கள். பட்டியல் வந்த பிறகு, 5 விழுக்காட்டுப் பராமரிப்பு நிதி உறுதியாகாமல் எந்தப் புதிய அரங்கத்துக்கும் அடிக்கல் நாட்ட வர மாட்டேன் என்று உங்களில் பத்துப் பேராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன்